வெள்ளிச் சாடிக்குள் ராசாவின் நெஞ்சு

மாதாவாணை, பிள்ளையாராணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஒஸ்லோத் தமிழரை பஸ்ஸில் ஏற்றி, அல்ப்ஸ் மலைப்பக்கத்து அரண்மனையும் கோயிலும் காட்டித் திரிகிறவன் நான். மைக்கைப் பிடித்தால் கொஞ்சம் கூட்டிச் சொல்லாமல் பிழைக்க முடியாது. புட்டுப் பார்சலோடு ஊர் பார்க்க வருகிற சனத்தைக் கட்டி மேய்த்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

வராத விருந்தாளி

பவேரியாவில் ஒரு ராசா இருந்தார். வேலைக்காரர் முகம் பார்க்கவும் பிடிக்காமல், கீழறையில் சாப்பாடு வைத்த மேசை தரைக்குள்ளால் மேலே வரும்படி பொறி செய்வித்தவர். வராத விருந்தாளிகளுக்கும் சாப்பாட்டுக் கோப்பை வைத்து, அவர்களோடு கதைத்துக்கொண்டே சாப்பிடுவாராம். ஒருநாள் விருந்தாளி கோபித்து, கோப்பை தானாகவே கீழே இறங்கிவிட்டது என்று நான் சேர்த்துவிட்டேன்.

எல்லாரும் சிரித்து, ராசா ஒரு விசரன், பைத்தியம் என்றார்கள். ஒஸ்லோவில் ட்வெய்ட்டாப் பக்கத்திலிருந்து வந்த பிலோமினா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஊரில் நடந்த கடைசி யுத்தத்தில் அவவின் மகன் அன்ரன் காணாமற்போனவன். எழுபது தாண்டிய என்னையும் தம்பியாக்கிச் சொன்னா:

"விசரன் எண்டாதேங்கோ தம்பி. நானும் அன்ரனுக்கு ஒரு கோப்பை வைக்கிறனான்."

சாடி

அதே ராசாவின் உடம்பு மியூனிக்கில். நெஞ்சு, அதுதான் இருதயம், மட்டும் வேறோர் ஊரில், கறுத்த மாதாவின் சின்னக் கோயிலில், வெள்ளிச் சாடிக்குள். அங்கே கூட்டிப்போய், மூச்சை அடக்கி நின்றால் துடிப்புக் கேட்கும் என்றேன். பஸ் சனம் முழுக்க மூச்சை அடக்கியது.

அக்காவின் புருசன் சூசை அண்ணை இந்தப் பயணம் வந்ததே, இங்கே அன்ரனுக்கு ஆத்தும சாந்திப் பூசை வைக்கத்தான். அக்கா விடவில்லை. செத்தவன் என்று சொல்லிப் பூசை வைத்தால் பிள்ளையைத் தானே கொன்றதாகும் என்று அவவுக்கு நினைப்பு. அண்ணை சாடியை அண்ணாந்து பார்த்தார்.

"இவருக்கு நெஞ்செண்டாலும் மிஞ்சிச்சு. எங்கடை பெடியன்ரை எலும்பும் கிடைக்கேல்லை."

ஒரே பெயர்

அக்கா மெழுகுதிரி கொளுத்தப் போன நேரம் அண்ணை என் கையைப் பிடித்தார். அவளுக்குத் தெரியாமல் அந்தப் பூசைக்குச் சொல்லிவிடு என்றார். அவர் வெளியே போக, அக்கா வந்தா. பிள்ளை சுகமாய்த் திரும்பி வர ஒரு பூசை, இவருக்கு மூச்சும் விடாதே என்றா.

கோயிற் பணியாளரான கிழவரிடம் அரைகுறை ஜெர்மனில் இரண்டையும் கேட்டேன். ஒரே பெயரா என்றார். ஓம் என்றேன். கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படியென்றால், எதை முதலில் வைக்கிறது?"

திரும்பும் வழியில் புருசனும் பெண்சாதியும் ஆளின் தோளில் ஆள் சாய்ந்து நிம்மதியாய் நித்திரை, இரண்டுக்கும் பெயர் கொடுத்து, எது முதலென்பதைக் கிழவரிடமே விட்டு வந்த நான்தான் ஒஸ்லோ வரும்வரை முழித்திருந்தேன். ஆனபடியால் ட்வெய்ட்டாப் பக்கம் போனால், இந்தக் கதையை ஆர் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.