டீச்சர் வேஷம்

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு நாற்காலி என்று ஒன்று உண்டு. அதில் பிள்ளைகளின் பைகள்தான் உட்காரும். காதில் பென்சில், கையில் பசை டப்பா, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல வகுப்பு முழுக்க நடப்பாள். பயறு முளைக்க வைத்த வாரம் ஒருத்தி தண்ணீரைக் கவிழ்த்தாள். காகிதத் தொப்பி செய்த வாரம் ஒருவன் தன் தலைமுடியையே வெட்டிக்கொண்டான். ஓட்டப்பந்தயத்தன்று பாதிப் பேர் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? "இதோ வரேன்" என்பாள். போவதற்குள் இன்னொரு குரல் இழுக்கும்.

பருவ இறுதியில் நாடகம். மரம், முயல், நிலா என்று வேஷங்களைப் பங்கிட்டாள். வாயே திறக்காத கடைசி பெஞ்சுக் குட்டி எழுந்து வந்து, "எனக்கு என்ன வேஷம் டீச்சர்?" என்று கேட்டாள்.

முயலுக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்த டீச்சர், "இதோ வரேன்டா கண்ணு" என்றாள். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். பிறகு குட்டி கேட்கவில்லை. டீச்சரும் மறந்துபோனாள்.

விழா அன்று முயல் வசனத்தை மறந்து முழித்தது. திரைக்குப் பின்னால் டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்போது குட்டி தானாகவே மேடை ஏறினாள். காதில் பென்சில், கையில் பசை டப்பா. மரத்திடம் "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு நிலாவிடம் ஓடினாள். நிலாவிடம் "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு முயலிடம் ஓடினாள். யாரிடமும் நிற்கவில்லை. கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது.

தலைமை ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, "பிரமாதம்மா. யாரு சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

"டீச்சர்தான்," என்றாள் குட்டி. "தினமும்."