டிரைவர் மேல் சந்தேகம்

முனிரத்தினம் போய்விட்டார் என்று வேன் டிரைவர் வெங்கடேசு போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. "யாரு சொன்னாங்க?" என்றேன். "யாரும் சொல்லல சார். அவரு கையத் தொட்டுப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்கு வெளிய நின்னுகினு பேசறேன்" என்றான். எதையும் சோதிக்காமல் ஒப்புக்கொள்ளாத மனிதர் முனிரத்தினம் என்பது அவரோடு பழகி, இன்று இங்கே கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கம் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பொதட்டூர்பேட்டை லுங்கிக் கட்டுகளை அனுப்பும் திருத்தணி பார்சல் ஆபீஸில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்திருந்தோம். மதியமானால் இணைப்பு அறுந்துவிடும். அந்நேரம் அந்த அறையில் சோற்று டப்பாவோடு இருப்பவன் வெங்கடேசு ஒருவன்தான். எதிர்க்கடைக்காரர் தூண்டிவிட்டுத்தான் இவன் ஒயரைப் பிடுங்குகிறான் என்றார் முதலாளி. எனக்கும் அவன் முழி சரியில்லை என்றே பட்டது. ஆடிக் கிருத்திகை நெரிசல் முடிந்ததும் அவனை நிறுத்திவிடுவதாக முடிவு.

அதற்குள் அரக்கோணத்திலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக் முனிரத்தினம் வந்தார். பெட்டியைத் திறக்கிறவர்களை நான் நம்புவதில்லை. அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெங்கடேசுவைப் பற்றிச் சொன்னதும் அவர் என்னை அதைவிடச் சந்தேகமாகப் பார்த்தார். "அவன் இல்லாதப்ப அறுந்துச்சான்னு பாத்தியா?" ஒருவரும் பார்த்ததில்லை. எல்லோரையும் வெளியே தள்ளி, அறையைப் பூட்டி, சாவியோடு எங்களுடனேயே சாப்பிட வந்தார். திரும்பி வந்து திறந்தால், ஆளில்லாத அறையில் இணைப்பு அறுந்து கிடந்தது.

அரைமணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டிரைவர் சரியில்லங்க. மாத்திடணும்."

"ஆங், நான் அப்பவே சொல்லல?" என்றார் முதலாளி. வாசலில் நின்ற வெங்கடேசு வேன் சாவியை மேசைமேல் வைத்தான்.

முனிரத்தினத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சாவியை எடுத்து அவன் கையிலேயே திணித்தார். "உன்ன இல்ல நைனா. உள்ள இருக்கிற நெட்வொர்க் கார்டை ஓட்டுற சாப்ட்வேருக்கும் டிரைவர்னுதான் பேரு. வேற கார்டோடத எவனோ ஏத்திட்டான். சாப்பாட்டு நேரத்துல வேலை இல்லன்னா கார்டு தூங்கிடுது, இதுக்கு எழுப்பத் தெரியல."

சரியானதைப் பிளாப்பியிலிருந்து ஏற்றினார். மறுநாள் மதியம் வெங்கடேசுவை அங்கேயே உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார். இணைப்பு அறவில்லை. முதலாளி மட்டும் வெகுநாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முனிரத்தினத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது வெங்கடேசுவின் வேன்தான். எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய அந்த ஒரு கேள்வி. யார்மேல் விரல் நீண்டாலும் அதைக் கேட்டுவிடுகிறேன். அன்று அவர் எங்களை நம்பியிருந்தால், மேசைமேல் வைத்த சாவி மேசையிலேயே இருந்திருக்கும்.