பளபளக்கும் பக்கத்தில் ஒரு பொட்டு

கலைப்பிரியாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம். திண்டிவனத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவள், கடையைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். பழுதான கம்ப்யூட்டரைக்கூட எடைக்குப் போடமாட்டாள். யாருடைய கல்யாணத்தையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்துவிட்டு அவளுக்குத் தூக்கம் வராது. “ஊட்டுக்காரர ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கியாடி?” என்று பக்கத்து ஜெராக்ஸ் கடை அமலா கேலி பண்ணுவாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் ஓமந்தூர் கெங்கம்மாள் அந்த டிவிடியைக் கொண்டுவந்தாள். மகள் கல்யாணத்தில் எடுத்தது. எடுத்த ஸ்டுடியோவை எப்போதோ மூடிவிட்டார்கள். வேறு பிரதி கிடையாது.

“சத்தம் பத்தல கண்ணு. எனக்குக் காதும் மந்தமாப் போச்சு. மேளம் மட்டும் காதப் பொளக்குது, எங்க ஊட்டுக்காரு பேசறது ஒண்ணும் வெளங்கல.”

ஊட்டுக்காரர் தாண்டவராயன் தை மாதம் செத்துப்போயிருந்தார். செல்போனை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். அவர் குரல் மிச்சமிருப்பது இந்த ஒரு டிவிடியில்தான்.

“பென் டிரைவ்ல போட்டுக்கலாம்னு எம்புள்ள குமரேசன் சொன்னான். வேணாம்னுட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது. இதப் போட்டா டிவியில நாலு படம் வந்து நிக்குது இல்ல, ரிமோட்டுல கீழ ரெண்டு தட்டு தட்டி ஓகே அமுக்குனா பந்தி வரும். பந்தியில அவரு வருவாரு. அது மட்டும் மாறக் கூடாது.”

கலைப்பிரியா வேலையை எண்ணிப் பார்த்தாள். ஒலியை மட்டும் பிரித்தெடுத்து, அவர் பேசுகிற இடத்தைக் கூட்டி, அதே நீளத்தில் அதே இடத்தில் திரும்பப் பொருத்த வேண்டும். இம்மி பிசகினாலும் மெனுவில் ஒரு படத்தை அமுக்க வேறொன்று வந்து நிற்கும்.

“நாளைக்கு வாங்களேன், பெரியம்மா.”

“அவர உட்டுட்டு நான் எங்க போவறது? இங்கியே குந்திக்கினு இருக்கறேன்.”

கலைப்பிரியா டிவிடியைக் கம்ப்யூட்டரில் போட்டாள். டிரைவ் கரகரவென்று அரைத்துவிட்டு நின்றது. வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். டிரைவ் படிக்கிற அந்தப் பளபளக்கும் பக்கத்தில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“யாரு பெரியம்மா இதுல பொட்டு வெச்சது?”

“நான்தான். முந்தாநாளு ஆயுத பூஜைக்கு டிவிக்கு வெச்சேன், ரிமோட்டுக்கு வெச்சேன், அவருக்கு வெக்காம உடுவனா?”

“அதுக்கு இந்தப் பக்கமா வெப்பாங்க?”

“அந்தப் பக்கம் அவரு போட்டோ ஒட்டியிருக்குதே. மூஞ்சி மறைஞ்சிடாதா? இதுலதான் ஒண்ணுமே இல்ல.”

கலைப்பிரியா மெல்லிய துணியை நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தாள். சந்தனம் போயிற்று. குங்குமத்தின் சிவப்பு மட்டும் லேசாகத் தங்கிவிட்டது. மறுபடி போட்டாள். கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு அசையவில்லை. பந்தி இருக்கிற இடத்தைத்தான் குங்குமம் தின்றுவிட்டதோ என்று நினைத்தாள்.

“இன்னா கண்ணு, மூஞ்சி வெளுத்துப் போச்சு?”

“ஒண்ணுமில்ல. வெயிலு.”

“ஏசி போட்டுக்கினு வெயிலா?” கெங்கம்மாள் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். “போயிட்டாரா?”

கலைப்பிரியாவுக்கு மூலையில் துணி போர்த்திக் கிடந்த பழைய கம்ப்யூட்டரின் நினைவு வந்தது. அதன் டிரைவ் மெதுவாக ஓடும். கீறல் விழுந்ததைக்கூட முக்கி முனகிப் படித்துவிடும். டிவிடியை அதில் போட்டுவிட்டு, திரையைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதே இடத்தில் அதுவும் திணறியது. கரகரத்தது. பிறகு ஒரு பெருமூச்சுபோலச் சத்தம் விட்டு மேலே நகர்ந்தது.

முழுவதையும் இறக்கி, அவர் குரலைக் கூட்டிப் பொருத்திய புது டிவிடியைக் கடை டிவியில் போட்டபோது வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. நாலு படங்கள் வந்து நின்றன. ரிமோட்டைக் கெங்கம்மாளிடம் கொடுத்தாள். கீழே ரெண்டு தட்டு. ஓகே.

திரை இருண்டது. இருண்டே இருந்தது. கலைப்பிரியா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏ கெங்கா! சம்பந்தி எலையில அப்பளம் இல்ல பாரு! இன்னாத்த பராக்கு பாத்துக்கினு நிக்கிற?”

தாண்டவராயன் போட்ட சத்தத்தில் ஜெராக்ஸ் கடையிலிருந்து அமலா எட்டிப் பார்த்தாள். கெங்கம்மாள் ஸ்டூலைவிட்டுப் பாதி எழுந்துவிட்டிருந்தாள். “இதோ வர்றேன்” என்றாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள்.

“அன்னிக்குக்கூட இது எங்காதுல உழல கண்ணு. மேளச் சத்தம். நான் அப்பளம் வெக்கவே இல்ல.”

கலைப்பிரியா ரெண்டு பிரதிகள் போட்டுக் கொடுத்தாள். “பொட்டு வெக்கறதுனா டப்பா மேல வெய்யுங்க, பெரியம்மா.”

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போனவள் திரும்பி வந்தாள். பூட்டை இழுத்துப் பார்த்தது போதவில்லை. திறந்து உள்ளே போய், தன்னிடம் நிறுத்திக்கொண்ட பிரதியை டிவியில் போட்டாள். கீழே ரெண்டு தட்டு. ஓகே. திரை இருண்டது. அவர் கத்தும் வரைக்கும் அவள் மூச்சு விடவில்லை.