பூனைக்குத் தடவிய கற்பூர எண்ணெய்

போன வருடம் மழை ஓய்ந்த சமயம். மாட்டுங்காவில் நாங்கள் இருக்கும் பில்டிங்கில் ஒரு பூனை உண்டு. யாருடையதும் இல்லை, ஆனால் தூங்குவது மட்டும் எங்கள் வாசல் மிதியடியில். பன்னிரண்டாவது படிக்கும் என் மகளுக்கு அது உயிர்.

ஒரு சனிக்கிழமை, அதன் காதுக்குப் பின்னால் நாலைந்து உண்ணிகள் இருப்பதைக் கண்டுபிடித்தாள். அந்த மாதம்தான் கீழ்வீட்டு நாய் உண்ணிக் காய்ச்சலில் செத்துப்போயிருந்தது. உடனே டாக்டரிடம் போகலாம் என்றாள். இதற்கெல்லாம் டாக்டரா என்று, அவள் டியூஷன் போன நேரத்தில் நானே வைத்தியம் பார்த்தேன். அவள் சின்ன வகுப்பில் படித்தபோது தலையில் பேன் வந்தால் செய்வதுதான்: தேங்காய் எண்ணெயைச் சுட வைத்துக் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டேன். காதிலும் கழுத்திலும் தாராளமாகத் தேய்த்துவிட்டேன்.

பூனை உட்கார்ந்து பாதத்தால் காதை வழித்து வழித்து நக்கியது. மகள் திரும்பி வந்தபோது அதன் வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. நிற்க முடியாமல் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

துணிக்கூடையில் துண்டைப் போட்டு அதைக் கிடத்தி, டாக்ஸி பிடித்து செம்பூரில் இருக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழி முழுக்க அவள் கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை. அங்கே இருந்த டாக்டர் தமிழ்ப் பெண். பார்த்தவுடனே, ஏதாவது தடவினீர்களா என்று கேட்டார். "ஒண்ணும் இல்லையே" என்று என் வாய் சொல்லிவிட்டது. நானும் படித்தவள், இப்படிச் செய்தேன் என்று எப்படிச் சொல்வேன்?

மகள் என் கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"அம்மா, சொல்லு. அது செத்துப்போயிடும்."

சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. உதவியாளரைக் கூப்பிட்டு எண்ணெய் போகக் குளிப்பாட்டச் சொல்லிக்கொண்டே, "நாம தலையில தடவினதை நக்கறதில்லை மாமி. பூனை நக்கும்" என்றார். நடுக்கம் நிற்க ஊசி போட்டு, மறுநாள் வரை அங்கேயே வைத்துக்கொண்டார். ரத்தத்தையும் பார்த்தார், உண்ணிக் காய்ச்சல் இல்லை. பிழைத்துக்கொண்டது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி அரைகுறையாக எதுவும் கிடையாது என்று. பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்து, அதன் எடைக்குத் தக்கபடி, நாக்கு எட்டாத பிடரியில், மாதம் ஒரு முறை. நாய்க்கானதைப் போட்டால் அதுவே எமன் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்; பில்டிங் குரூப்பில் அதையும் எழுதினேன், நான் செய்த காரியத்தையும் எழுதினேன். தினமும் சீப்பால் வாரிப் பார்க்கிறேன். உண்ணி இருந்தால் நசுக்காமல், சிமிட்டா என்கிற சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிடுகிறேன்.

தேதி தவறக் கூடாதென்று சொட்டு மருந்துக்கு அமாவாசையை வைத்துக்கொண்டேன். உள்ளே என் கணவர் தர்ப்பணம் செய்வார். வாசலில் நான் பூனையின் பிடரி முடியை விலக்குவேன். "நான் மறந்தாலும் நீ மறக்க மாட்டே" என்று கேலி செய்வார்.

மறக்க மாட்டேன். மருந்தைத் திறக்கும்போதெல்லாம் இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன். தெரியாமல் எண்ணெய் தடவியதற்காக அல்ல, ஓர் உயிர் துடித்துக்கொண்டிருந்தபோது என் கௌரவத்தைக் காப்பாற்றப் பார்த்தேனே, அந்த ஒரு வார்த்தைக்காக.