தூங்குமூஞ்சி மரத்தின் பச்சை

நோய் வந்தது என் நுரையீரலில். ஆனால் நான் இங்கே சொல்ல வந்த விஷயத்தின் முதல் அறிகுறி என் உடம்பில் தெரியவில்லை. வீட்டுக்கு எதிரே நின்ற ஒரு மரத்தில் தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு மாடிப் பகுதியில் நானும் என் கணவர் தேவராஜும் வாடகைக்கு இருந்தோம். அவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் படம் வரைகிறவள். யாரிடமும் போய்ப் படித்தவள் இல்லை. வாழ்த்து அட்டைக்குப் பூ வரைந்து கொடுத்துக் கை பழகியது. பிறகு ஊரில் மரங்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கியதும், இன்னும் நிற்கிற தெரு மரங்களாகப் பார்த்து வரைய ஆரம்பித்தேன். இரண்டு கண்காட்சி வைத்தேன். பத்திரிகையில் போட்டோ வந்தது. தெருவில் எனக்கு 'மரத்தக்கா' என்று பெயர் விழுந்தது.

அந்தப் பெயரை வைத்தவர் முருகேசன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். எதிரே புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் கட்டடத்தின் மதிலை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே அவருடைய இஸ்திரி வண்டி. பொழுது சாய்ந்து மரம் இலை மூடினால் வண்டியையும் மூடுவார். "மரம் தூங்குச்சுன்னா நான் முழிச்சிருந்து யாருக்குக்கா லாபம்?" என்பார். மனுஷர் வாயிலிருந்து வருவதைச் சேர்த்து வைப்பதில் எனக்கு ஆசை. அவர் பேச்சு மட்டும் ஒரு நோட்டு நிறைய இருந்தது.

இன்னொரு நோட்டும் இருந்தது. மாதம் பிறந்தால் அந்த மரத்தின் ஒரு இலையைப் பறித்து வந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, அதே நிறத்தைக் குழைத்து ஒரு பட்டை தீட்டுவேன். கீழே மாதத்தின் பெயர் எழுதுவேன். ஐந்து வருஷமாக ஒரு மாதம் விட்டதில்லை. மரத்தின் உடல்நிலைக் குறிப்பு என்று நினைத்து அதை வைத்திருந்தேன்.

ஜனவரியில் இருமல் பிடித்தது. பிப்ரவரியில் சளியில் ரத்தம். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. நெஞ்சு டாக்டரிடம் போனோம். வாசலில் சீட்டு எழுதின பெண் "என்ன வேலை?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் என் புடவையைப் பார்த்து "ஹவுஸ் ஒய்ஃப்" என்று எழுதிக்கொண்டாள். நானும் திருத்தவில்லை. படம் வரைகிறேன் என்று சொன்னால் "என்ன கலர் அடிப்பீங்க, வீட்டுக்கா?" என்று கேட்பார்கள், அதற்கு இது மேல் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கும் மென்றுகொண்டிருக்கிறேன்.

டாக்டர் நாலு வகை மாத்திரை எழுதினார். அதில் ஒன்று எத்தாம்பூட்டால் (காசநோய்க் கிருமி பெருகாமல் தடுக்கும் மாத்திரை). பலருக்கு அதை இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியும். எனக்கு நிறுத்தவில்லை. "சேஃப்டிக்கு இருக்கட்டும்" என்றார். கண்ணைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

வீட்டில் என் தம்ளரை நானே தனியாக எடுத்து வைத்தேன். படம் வாங்க வருகிறவர்கள் வாசலிலேயே நின்று பேசினார்கள். ஆனால் இருமல் அடங்கியது. எடை ஏறியது. மே மாதம் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார்.

ஜூனில் மழை விழுந்தது. ஒரு மழைக்கே அந்த மரம் கரும்பச்சையாகத் திரண்டுவிடும். அந்த வருஷம் பச்சை ஏறவில்லை. பழைய சாக்கு மாதிரி ஒரு நிறத்தில் நின்றது. பட்டை தீட்டினேன். ஜூலையில் இன்னும் மங்கல். ஐந்து வருஷத்துப் பட்டைகளைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை, அந்தப் பச்சை எனக்கு மனப்பாடம். மரம் செத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. மரம் சாவதைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண்ணுக்கு அதுதான் முதலில் தோன்றும்.

யார் கொல்கிறார்கள் என்று தேடினேன். முருகேசன் தினமும் சாயங்காலம் இஸ்திரிப் பெட்டியின் கரிச் சாம்பலை மரத்தடியில் கொட்டுவார்.

"முருகேசா, நீ கொட்டுற சாம்பல்தான் வேரைத் தீய்க்குது."

"ஏன்க்கா, பதினோரு வருஷமா இங்கதானே கொட்டறேன்? ஒரு இலை வாடுச்சா?"

"இப்ப வாடியிருக்கே, தெரியல?"

அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, மரம் கும்முனு பச்சையா இருக்குது. உனக்குத்தான் உடம்பு சரியில்ல. போய்ப் படு."

எனக்குக் கோபம் வந்தது. இஸ்திரி போடுகிறவர் எனக்கு நிறம் சொல்லித் தருகிறாரா என்று மனசில் ஓடியது. அதை மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளருக்குக் கடிதம் எழுதினேன். மரம் நோயுற்றிருக்கிறது, காரணம் கரிச் சாம்பல் என்று எழுதி, பழைய மாதங்களைக் கைப்பழக்கத்திலும் இந்த இரண்டு மாதத்தை நோட்டைப் பார்த்தும் ஓர் அட்டையில் நிறப்பட்டைகளாகத் தீட்டி இணைத்தேன். அவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். இத்தனை வருஷம் என் வணக்கத்துக்குத் தலையாட்டினதில்லை. கடிதத்தைக் கொண்டுபோன அன்றைக்கு நாற்காலி போட்டார். "மேடம், யூ ஆர் அன் ஆர்ட்டிஸ்ட். உங்க கண்ணு சொன்னா அப்பீலே கிடையாது" என்றார்.

வாசலில் வண்டி நிற்பது அவர்களுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. என் கடிதம் போதுமானதாக இருந்தது. நான்கே நாளில் வண்டியை அகற்றினார்கள். முருகேசன் சட்டங்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நான் மாடியில் நின்றேன். அவர் மேலே பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மார்க்கெட்டிலிருந்து நான் வாங்கி வந்த பையைத் தேவராஜ் கவிழ்த்தார்.

"ரசத்துக்கு எதுக்கு ஸ்டெல்லா இவ்வளவு பச்சைத் தக்காளி?"

"பழமாப் பொறுக்கித்தானே வாங்கினேன்?"

ஒரு பழத்தையும் ஒரு காயையும் இரண்டு கையில் வைத்து நீட்டினார். "இதுல எது பழம்?"

இரண்டும் எனக்கு ஒரே மண் நிறம். அழுத்திப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

கண் டாக்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்தார். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும். முதல் பக்கத்தில் எனக்கு எண் தெரிந்தது. அது எல்லோருக்குமே தெரியுமாம். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக வெறும் புள்ளி. இருபது வருஷமாக நிறத்தோடு வாழ்ந்தவள், எழுத்துத் தெரியாதவளைப் போல உட்கார்ந்திருந்தேன்.

"டிபி மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். மருந்துச் சீட்டை வாங்கி ஒரு பெயரை விரலால் தொட்டார். பார்வை நரம்புப் பாதிப்பு (கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பு நலிவது) என்றார். சிலருக்கு இந்த மாத்திரையால் வரும். சிவப்பும் பச்சையும் முதலில் போகலாம். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், எல்லோருக்கும் முழுதாகத் திரும்பாது.

"எப்போ ஆரம்பிச்சுது?"

எனக்குத் தெரியவில்லை. தேவராஜ்தான், "அவ நோட்டுல இருக்கும் டாக்டர்" என்றார். மறுநாள் எடுத்துப் போனோம்.

டாக்டர் மெதுவாகப் புரட்டினார். "மே வரைக்கும் சரியா இருக்கு. ஜூன்ல சாயுது. ஜூலைல இது பச்சையே இல்ல, பிரவுன்" என்றார். நோட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார். "இது மரத்தோட ரெக்கார்டு இல்லம்மா. உங்க நரம்போட ரெக்கார்டு. இவ்வளவு சுத்தமா எந்த பேஷண்ட்டும் எழுதி வெச்சதில்ல."

பிறகு சீட்டைப் பார்த்து, "பெயிண்டர்னு சொல்லியிருந்தா முதல் நாளே உங்களை இங்க அனுப்பியிருப்பாங்களே" என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குக் குற்றமாகத்தான் கேட்டது.

நெஞ்சு டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார். "லங்ஸ் கிளியர் ஆயிடுச்சே, அதுக்கு சந்தோஷப்படுங்க" என்றார். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். சொன்னேன். வாய்க்குக் கசந்தது.

இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்தால், ஒன்று செய்யுங்கள். காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, அசையாத ஒரு பச்சைப் பொருளைப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள். நிறம் மங்கினால், எழுத்துக் கலங்கினால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பயந்து எல்லா மாத்திரையையும் நீங்களாக விட்டுவிடாதீர்கள். காசநோய் சும்மா விடாது. என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சீட்டில் தப்பாக எழுதினால் திருத்தச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது கடிதம் எழுதினேன். மரம் நன்றாக இருக்கிறது, கோளாறு என் கண்ணில், முருகேசன்மேல் தப்பில்லை, அவருக்கு இடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று. டாக்டர் சீட்டின் நகலும் வைத்தேன்.

செயலாளர் இரண்டையும் பொறுமையாகப் படித்தார்.

"மரம் இப்ப பச்சையா இருக்குங்கறீங்க."

"ஆமா சார்."

"நீங்க பார்த்தீங்களா?"

டாக்டர் சீட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். நல்லா இருந்தப்ப எழுதின லெட்டர் ஒண்ணு இருக்கு. கண்ணு கெட்டுப்போச்சுன்னு சர்ட்டிபிகேட் வெச்சு எழுதினது ஒண்ணு. நான் எதை நம்பறது?"

முதல் கடிதம் எழுதினபோதுதான் கண் கெட்டிருந்தது என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே எழுந்துவிட்டார்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு இரண்டாவது வாசல் ஒன்று தேவைப்பட்டது, கார்கள் பெருகிவிட்டன. மரம் அதற்குக் குறுக்கே நின்றது. நோய்ப்பட்ட மரம் என்று மாநகராட்சியில் வெட்ட அனுமதி கேட்டார்கள். ஆதாரமாக என் நிற அட்டையை வைத்தார்கள். அது எனக்குத் தெரிந்தது, ரம்பம் வந்த காலையில்தான். கிளையில் கயிறு கட்டியிருந்த ஆளிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "பேடம்மா, வேண்டாம்மா, தள்ளி நில்லுங்க. பேப்பர் இருக்கு" என்றார். முருகேசன் அங்கே இருந்திருந்தால் முதல் கயிறு விழுந்த உடனே தெருவையே கூட்டியிருப்பார். அவரை நானே அப்புறப்படுத்தியிருந்தேன்.

தேவராஜ் ஒரு துண்டு மரத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். வெட்டின முகத்தைத் தடவினேன். ஈரம் கையில் ஒட்டியது. உள்ளே ஒரு சொத்தை இல்லை.

முருகேசனைத் தேடி நீலசந்திராவுக்குப் போனேன். வீட்டு முன்னறையிலேயே மேஜை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். முன்பு வந்த துணியில் பாதிகூட இல்லை. நான் சொன்னதையெல்லாம் பெட்டியை நிறுத்தாமல் கேட்டார். முடித்ததும், தேய்த்துக்கொண்டிருந்த புடவையின் முந்தானையை என் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"இது இன்னா கலர்க்கா?"

"காப்பிப் பொடி."

"கிளிப்பச்சை." சிரித்தார். அந்தச் சிரிப்பில் பழைய முருகேசன் இல்லை. "அன்னிக்கு நான் சொன்னப்ப ஒரு தடவ, ஒரே தடவ, வேற யாரையாச்சும் கூப்ட்டு மேல பாருன்னு கேட்டிருக்கலாம் இல்ல? தெருவுல ஆளா இல்ல?"

டீ சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லாமலே புடவையை மடிக்கத் தொடங்கினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிறது. எழுத்துகள் மூன்று மாதத்தில் தெளிந்தன. சிவப்பு மெல்ல வந்தது, கொஞ்சம் அழுக்காக. பச்சை வரவில்லை. இன்னும் வரலாம் என்று கண் டாக்டர் முதல் வருஷம் சொன்னார். இப்போது அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

வரைகிறேன். வண்ணக் குழாயில் அச்சிட்ட பெயரைப் படித்துத்தான் பிதுக்குகிறேன். படத்தில் வைக்கிற ஒவ்வொரு பச்சையும் அந்த மே மாதம் வரை பார்த்தது. பழக்கத்தில் கை அதை வைக்கிறது. சரியாக விழுந்ததா என்று தேவராஜைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். அவர் இல்லாவிட்டால் கீழ் வீட்டில் கேட்கிறேன். இப்போதெல்லாம் யார் சொன்னாலும் நம்புகிறேன்.

மாதம் பிறந்தால் நோட்டை எடுக்கிற பழக்கம் போகவில்லை. மாதத்தின் பெயரை எழுதுகிறேன். மேலே தீட்ட இலை இல்லை. வெறும் பெயர்களாகப் பல பக்கம் ஓடிவிட்டது.

காலையில் மாடியில் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொள்கிறேன். மரம் இருந்த இடத்தில் ஓர் இரும்புக் கதவு. கார் வரும்போது திறக்கிறது, பிறகு மூடுகிறது. இடது கண்ணுக்குச் சாம்பல். வலது கண்ணுக்கும் சாம்பல். அதற்குப் பச்சை அடித்திருக்கிறார்களாம்.