ஏஞ்சலம்மாளின் இடது பெருவிரல்

தாராவியில் ஏஞ்சலம்மாளிடம் வம்புக்குப் போகிறவன் முதலில் தன் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் அவள்மேல் கைவைத்த மேஸ்திரியின் காதில் பாதியைக் கடித்துத் துப்பியவள் அவள். அதே ஷாப்பில், தோலில் ஒட்டிய சதையைச் சீவும் கத்தி வழுக்கி அவளுடைய இடது பெருவிரலைக் குறுக்காகப் பிளந்திருந்தது. ஆறிய பிறகும் ரேகைகளை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு ஓடியது.

1964இல் மழை ஓய்ந்ததும் அவள் குடியிருந்த சந்தில் வார்டு ஆபீஸ்காரர்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள். முப்பத்தெட்டுக் குடும்பமும் குடிசையைக் காலி செய்து, ஊருக்கு வெளியே கிடக்கும் தேவ்நாருக்குப் போகச் சம்மதித்துக் கைநாட்டு வைத்திருக்கிறதாம். கவுன்சிலர் கணேசபாண்டியன் அந்தக் காகிதத்தை வார்டு ஆபீஸில் கொடுத்திருக்கிறாராம். ஆட்சேபம் இருந்தால் திங்கட்கிழமை ஆபீசர் முன்னால் சொல்லலாமாம். இந்தச் சந்து ஓட்டுப் போட்டு ஜெயிக்கவைத்த மனுஷர்தான் அவர்.

ஏஞ்சலம்மாள் நேரே அவர் வாசலில் போய் நின்றாள்.

"நாங்க வைக்காத கைநாட்டு எங்கெருந்து வந்துச்சு? அந்தக் காயிதத்தக் காட்டுங்க, பாக்கணும்."

"படிக்கத் தெரியாத முண்டைக்குக் காயிதம் எதுக்குட்டி?" என்று அவருடைய ஆள் ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்துப் படிகளில் தரதரவென்று இழுத்தான். ஒரு பல் போயிற்று. ஜன்னலோரம் கவுன்சிலர் டீ குடித்துக்கொண்டிருந்தார், வெட்கங்கெட்ட ஜென்மம்.

மறுநாள் வீங்கிய முகத்தோடு வார்டு ஆபீஸுக்குப் போனாள். குமாஸ்தா ஜகந்நாதன் மாட்டுங்காவில் குடியிருக்கும் தமிழர், பயந்த சுபாவம்.

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதேம்மா. பைலைப் பார்த்து என்ன பண்ணப் போறே?"

"எழுத்து தெரியாது சார். என் வெரலு எனக்குத் தெரியும்லா."

வெளியாளுக்குப் பைலைக் காட்டினால் வேலை போய்விடும். ஆனாலும் அவர் அவளுடைய கிழிந்த உதட்டைப் பார்த்தார், பைலைப் பிரித்தார், அவள் பெயரைத் தொட்டுக் காட்டினார். அங்கே இருந்தது தழும்பே இல்லாத ரேகை. அவர் வாயைத் திறப்பதற்குள் ஏஞ்சலம்மாள் மேஜைமேல் இருந்த மைப்பெட்டியில் விரலை அமுக்கி, அந்தப் பொய்க்குப் பக்கத்திலேயே பதித்துவிட்டாள்.

"ஐயோ, சர்க்கார் காகிதம்மா!"

"பொய்ய வைக்கலாம், நெசத்த வைக்கக் கூடாதாக்கும்?"

ஜகந்நாதன் அதன்கீழ் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அன்றைக்கு அவருக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ தெரியவில்லை.

அவள் பைலைப் பார்த்துவிட்டாள் என்பது மட்டும் கவுன்சிலர் காதுக்கு எட்டியது. சாயங்காலமே இரண்டு பேர் குடிசைக்குள் புகுந்தார்கள். ஒருவன் அடிவயிற்றில் உதை வாங்கிச் சுருண்டான். மற்றவன் அவள் இடது கையை அம்மியோடு சேர்த்து மிதித்துக்கொண்டு, குழவியைத் தூக்கிப் பெருவிரலில் போட்டான். மூன்று முறை போட்டான். ஏஞ்சலம்மாள் தெருவே அதிரும்படி கத்தினாள். ஆஸ்பத்திரியில் மிச்சத்தையும் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஆபீசர் முன்னால் கவுன்சிலர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

"இது அவ கைநாட்டு இல்லேன்னா, இப்ப வச்சுக் காட்டட்டுமே சார்."

ஏஞ்சலம்மாள் கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். ஆபீசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதப் பாக்காண்டாம் சார். என் வெரலு உங்க பைல்லதான் இருக்கு. அங்க பாருங்க."

ஆபீசர் பக்கத்தைப் புரட்டினார். தழும்பு ஓடிய ரேகையையும், கீழே இருந்த தேதியையும் குமாஸ்தாவின் கையெழுத்தையும், பக்கத்தில் இருந்த பொய்யையும் பார்த்தார். பிறகு கவுன்சிலரைப் பார்த்தார். அங்கே சிரிப்பைக் காணோம்.

ஒரு கைநாட்டு பொய்யென்றால் மற்றவையும் பொய்தான் என்று அன்றைக்கே நோட்டீஸைக் கிழித்தார்கள். முப்பத்தெட்டுக் குடிசையும் தப்பின. அதன்பிறகு யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் ஏஞ்சலம்மாள் வலது விரலை வைத்தாள்.