தனியாக நின்ற ராஜா

அறுபதுகளின் கடைசியில் கிருஷ்ணகிரியில் நடந்த சதுரங்கப் போட்டி அது. இரண்டு மாதம் முன்பு இறந்துபோன என் கணவருக்குப் பதிலாக நான் ஆடினேன். ஊர் பேசியது, பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசிச் சுற்றில் எதிரே திம்மப்பா. தளியில் உருளைக்கிழங்கு வியாபாரி, ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து என் கணவரோடு ஆடியவர்.

ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினேன்.

"நம்ம ஊரு ஆட்டம் மாதிரி இல்ல, இந்தப் போட்டியில மொத தடவ ரெண்டு கட்டம் வெக்கலாம் டீச்சர்," என்றார்.

"அவரு எப்பவும் ஒண்ணுதானே வெப்பாரு."

திம்மப்பா தானும் ஒரே கட்டம் நகர்த்தினார்.

போகப் போக என் காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டு ராஜா மட்டும் மிஞ்சியது. அவரிடம் யானை இருந்தது. ஜெயித்தால் கோப்பை அவருக்குத்தான். அவரோ கையை நீட்டினார்.

"டிரா பண்ணிக்கலாம் டீச்சர்."

நடுவர் பதறினார். "ஏங்க, சுலபமா ஜெயிக்கலாமே?"

"எங்க ஊரு ஆட்டத்துல எல்லாம் போயி ராஜா மட்டும் நின்னா, அதோட டிராங்க. அதத் தொரத்த மாட்டோம்."

துக்கம் கேட்க வந்த யார் முன்னாலும் அழாத நான், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பலகையில் என் ராஜா தனியாக நின்றுகொண்டிருந்தது.